தாய்ப்பாலுக்கு ஒரு கேட் பாஸ்

காலர் தைக்கிறவள் வெறுங்கையோடு கேட்டுக்குத் திரும்பி வந்தாள். பாட்டிலை ஸ்டோர் ஆபீசர் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாராம்.

பாட்டிலில் இருந்தது அவளுடைய பால். காலையில் ரிப்பன் வெட்டித் திறந்த தாய்ப்பால் அறையில் உட்கார்ந்து பீய்ச்சியது.

கம்பெனியிலிருந்து எந்தப் பொருளும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கேட்டில் பெண்களைச் சோதிக்கும் காவல்காரி நான்தான் அவளைப் பாஸ் வாங்கிவர அனுப்பினேன். நூல்கண்டை மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடித்துப் பிடித்து, எனக்குப் பாலும் சரக்காகத்தான் தெரிந்தது.

ஸ்டோர் ஆபீசர் பொறுப்பானவர். இது திரும்பி வரும் பொருளா, வராத பொருளா என்று கேட்டிருக்கிறார். பாஸில் அப்படி இரண்டு கட்டம் உண்டு. வராது சார் என்றாளாம். அப்படியென்றால் மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம்.

மேனேஜரோ ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்து, தாய்ப்பாலின் மகிமையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியே கூட்டத்தில் மாட்டிக்கொண்டது.

அறையைக் குறை சொல்ல முடியாது. மெத்தை நாற்காலி, மின்விசிறி, சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். கம்பெனிக்குள் அனுமதி உள்ள ஒரே குழந்தை அதுதான்.

நிஜக் குழந்தை கேட்டுக்கு வெளியே, அவள் தங்கையின் தோளில் கிடந்தது. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய், ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்த பிள்ளை. இனி தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அழுது அழுது அதற்குக் குரலே கம்மிவிட்டது.

ஷிப்ட் முடியாமல் அவள் வெளியே போக முடியாது. போனால் நாளைக்கு வேலை இல்லை.

அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நல்லவேளை, அதற்குப் பாஸ் கேட்கச் சொல்லி இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.

"புள்ள அந்தப் பக்கமே இருக்கட்டும், நீ இந்தப் பக்கமே நில்லு. யாரு என்ன கேக்கறாங்கன்னு பாப்போம்," என்றேன்.

தங்கைக்காரி பிள்ளையைக் கேட் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். இவள் என் துண்டைப் போர்த்திக்கொண்டு கம்பியோடு ஒட்டி நின்றாள். கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டு, பிள்ளை பிடித்துக்கொண்டது. அழுகை நின்றது.

விதி எதுவும் மீறப்படவில்லை. குழந்தை உள்ளே வரவில்லை, தாய் வெளியே போகவில்லை. பால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் ஹாரன் அடித்தது. ரிப்பன் வெட்டிய அம்மையாரின் கார். மேனேஜர் உள்ளே இன்னும் நன்றியுரை படித்துக்கொண்டிருக்க, அதைக் கேட்கப் பொறுமையில்லாமல் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. அடுத்த கம்பெனியிலும் இதே மாதிரி ஓர் அறை காத்திருந்ததாம்.

எங்களுடையது பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கேட். தள்ளினால் பிள்ளையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

பூட்டுச் சாவியைக் காணவில்லை என்றேன்.

மேசை இழுப்பறையில் தேடினேன். ஸ்டூலுக்கு அடியில் தேடினேன். குடையை விரித்துக்கூடப் பார்த்தேன். அம்மையார் கண்ணாடியை இறக்கினார்.

"இப்படி லேட் பண்ணினா, தாய்மாருங்களுக்கு நாங்க எப்படிம்மா உதவி பண்றது?"

நியாயமான கேள்வி. தலையைச் சொறிந்துகொண்டேன்.

டிரைவர் அலுத்துக்கொண்டே இறங்கி வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆடிய சின்னக் காலைப் பார்த்தார். திரும்பி நின்று, அவரும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்.

தங்கைக்காரி பிள்ளையை மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்தாள்.

அதையும் குடித்து முடிக்கட்டும் என்று, கைக்குள் இருந்த சாவியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.