பழைய வால்வும் புது ஸ்பீக்கரும்

எபனேசர் வீட்டிலேயே செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர், முதன்முதலாகச் சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஊளையிட்டது. அவன் பதறிப்போய் அணைத்தான்.

“எல்லாம் இந்தக் கிழட்டு வால்வால்தான்” என்றது ஸ்பீக்கர். “ஓட்டை ரேடியோவில் கிடந்த கண்ணாடிக் குழல். காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் கொண்டுவந்து புத்தம்புதுசான என்னோடு சேர்த்தால் இப்படித்தான்.”

வால்வு கூனிக் குறுகியது. தப்பு தன்மேல்தானோ என்று அதற்கே சந்தேகம். எபனேசரும் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, புது வால்வு ஒன்றைச் செருகினான். அதுவும் அப்படியே ஊளையிட்டது. மேசையில் கிடந்த வால்வுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எபனேசர் தலையைச் சொறிந்தான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தான்! அவற்றைச் சரிசெய்து, பழைய வால்வையே திரும்பச் செருகிச் சுவிட்சைப் போட்டான்.

சத்தமே இல்லை.

“பார்த்தியா, செத்தே போச்சு!” என்றது ஸ்பீக்கர்.

“பொறு தம்பி, எனக்குச் சூடேற வேண்டாமா?” என்றது வால்வு. அதன் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்லப் பரவியது.

எபனேசர் கிட்டாரின் ஒரு தந்தியை மீட்டினான். ஸ்பீக்கரின் நெஞ்சு அதிர்ந்து, அறை நிறைய இசை வழிந்தது. இசை அடங்கியதும் ஸ்பீக்கர் மெதுவாகக் கேட்டது:

“அண்ணே, சூடு ஆறிடாதில்ல?”