இலை பார்க்கப் போன இடத்தில்

பைனாகுலரில் கண்ணை வைத்தவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

மலை பற்றி எரிந்தது.

வெறுங்கண்ணால் பார்த்தார். எங்கும் தீ இல்லை. பழைய வைக்கோல்போர் மாதிரி மலை சாதுவாகக் கிடந்தது.

மறுபடி கண்ணை வைத்தார். எரிந்தது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைப்பாதை. அக்டோபர் மாதம். மகள் தேன்மொழி மூன்று மணி நேரம் கார் ஓட்டி அப்பாவையும் அம்மாவையும் இலை பார்க்கக் கூட்டி வந்திருந்தாள். உதிரப் போகிற இலையைப் பார்க்கவா இத்தனை சனம் என்று மனைவி பூங்காவனத்துக்கு முதலில் சிரிப்பாய் வந்தது. இரண்டு வளைவு ஏறியதும் அவளும் வாயைப் பிளந்துவிட்டாள். அவர் மட்டும் திருப்பத்துக்குத் திருப்பம் ஊரோடு ஒத்து ஓர் "அடேயப்பா" போட்டுக்கொண்டே வந்தார். பெண் ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறாள். நன்றாக இல்லை என்றா சொல்வது?

பாதை ஓரத்தில், கம்பத்தின் மேல் ஒரு பெரிய பைனாகுலர்.

"செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்களுக்காகத் தனிக் கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்கப்பா. நமக்கு எதுக்கு? சும்மா பாருங்க."

சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நிற்கிறேன் என்று எதிர் வளைவுக்கு ஓடினாள் தேன்மொழி.

அறுபத்திரண்டு வயது அவருக்கு.

இதுவா சிவப்பு? இத்தனை நாளும் எல்லோரும் சொன்னது இதைத்தானா?

கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு எவ்ளோ நேரம் நிப்பா? போட்டோ எடுங்க" என்றாள் பூங்காவனம்.

அவர் நிமிர்ந்து தேடினார். எதிர் வளைவில் பச்சைப் புதர். அதற்குப் பக்கத்திலும் புதர். ஆள் யாரும் இல்லை.

"அதோ, கண்ணு முன்னாடி செக்கச்செவேல்னு ஜாக்கெட் போட்டுக்கினு நிக்கிறா. தெரியலியா உங்களுக்கு?"



இதே கேள்வியைத்தான் கோர்ட்டிலும் கேட்டார்கள்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. தை மாதம், காலை ஒன்பது மணி, சுள்ளென்று வெயில். திண்டிவனம் தாண்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு நடந்து போகிற பெண்கள் சிவப்புப் புடவையில் சாரி சாரியாகப் போனார்கள். அவர்களில் ஒருத்தி தண்ணீர் குடிக்க ஒதுங்கி, கரும்புத் தோட்டத்தை ஒட்டி நின்றிருந்தாள். பெயர் அஞ்சலை. வண்டி இடித்த பிறகுதான் அங்கே ஓர் ஆள் நின்றதே அவருக்குத் தெரிந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

பட்டப்பகலில், சிவப்புப் புடவை கட்டியவள் எப்படித் தெரியாமல் போவாள்?

முழித்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாகத் தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. தூங்கிவிட்டான் என்றார்கள். ஜெயிலில் ஒரு வருஷம் இருந்தபோது, தூங்கித்தான் போனோமோ என்று அவருக்கே தோன்றிவிட்டது. வெளியே வந்து ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ரைஸ்மில்லில் வாட்ச்மேனாகப் போனார்.

பூங்காவனமும் நம்பவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். முகம் கொடுத்துப் பேச மட்டும் வெகுநாள் ஆனது.

அவர் குனிந்து பைனாகுலரில் பார்த்தார். எதிர் வளைவில் தேன்மொழி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சிவப்பு.

தலையைத் தூக்கினார். புதர்.

குனிந்தார். மகள்.

"பூங்காவனம்," என்றார். "இதுல பார்த்தா புள்ள தெரியுது. இல்லாம பார்த்தா வெறும் செடிதான் தெரியுது."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மலை முழுக்கச் சிவந்து கிடந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அப்போ, அன்னிக்கு நீங்க தூங்கல."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நெசமாவே தெரியலியா உங்களுக்கு? அய்யோ, நான் பாவி, நம்பலியே!" அத்தனை பேர் போய்வரும் பாதையில் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

பத்தொன்பது வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். அடக்க முடியாத சந்தோஷமாக இருந்தது. குலுங்கி அழவேண்டும் போல் வந்தது.

அழுகை பாதியில் நின்றது.

லைசென்ஸ் எடுக்கப் போன நாள். கலர் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்தார். பக்கம் முழுக்கக் கலர் கலராய்ப் புள்ளிகள். நடுவில் என்ன நம்பர் என்று கேட்டார். அவருக்கு இருபத்தொன்று தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல் ஆள் காதில் கிசுகிசுத்தான். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்துநாலு சார், என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

"தேனு, இங்க ஓடியாடி!" என்று எதிர் வளைவைப் பார்த்துக் கத்தினாள் பூங்காவனம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துப் பார்த்தது. "ஊருக்குப் போன ஒடனே அந்த அஞ்சலை வூட்டுக்குப் போறோம். அவங்க புள்ளைங்க கிட்ட நானே சொல்றேன், இவரு மேல தப்பு இல்லன்னு. சொல்லணுமா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

"சொல்லணும்," என்றார் அவர். அவள் பிடியிலிருந்து கைகளை மெதுவாக உருவிக்கொண்டார்.

"இப்படி உக்காரு. மொதல்ல உனக்குச் சொல்லணும்."