விசிலை மட்டும்

குக்கர் விசில் அடித்தபோது அவள் கணவர் ‘விடுதலை’ என்னும் சொல்லில் இருந்தார்.

சொல் அறுந்தது.

மேசைமீது மைக்கின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணினித் திரையில் அவர் குரலின் அலை தாழ்ந்தது. அடுப்பை அணைக்க அவள் எழுந்தாள்.

எழுந்ததுதான்.

அவர் முதலில் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்தினார். மேடைப் பழக்கம். பேச்சின் நடுவே பக்கத்தில் இருப்பவரைத் திட்ட வேண்டுமென்றால் மைக்கைப் பொத்துவார், முகத்தைத் திருப்புவார், திட்டுவார். கூட்டத்துக்கு ஒன்றும் கேட்காது.

இப்போதும் முகத்தைத் திருப்பினார்.

மறு கையால் அறைந்தார்.

அவள் தலை இரும்பு பீரோவில் மோதியது. பீரோ அதிர்ந்தது. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. விழுந்தவளின் விலாவில் ஓர் உதை.

“பேசுறப்ப அடுப்ப வைக்காதன்னு எத்தன தடவடி சொல்றது?”

அவள் அலறவில்லை. புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். அது அவளுடைய பழக்கம். ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டு ஜன்னல். அங்கே மேகலா அக்கா இருக்கிறாள்.

அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். விட்ட இடத்தில் தொடங்கினார்.

“பெண் விடுதலை பெறாத நாட்டில், தோழர்களே, ஆணும் அடிமையே!”

குரலில் ஒரு பிசிறும் இல்லை.

ஒரே மூச்சில் பேசுவார். பேசியதைத் திரும்பப் பேசமாட்டார். தம் பேச்சைத் தாமே கேட்கவும் மாட்டார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பினார்.

“விசில மட்டும் வெட்டிட்டு நெட்ல ஏத்திடு.”

விசில் மட்டுமே விழுந்திருக்கும் என்று நம்பினார்.

மைக் வாங்கிய அன்றே கடைக்காரர் சொன்னார்: “ஐயா, இது கண்டன்சரு. ரூம்ல இருக்கிறது அம்புட்டும் விழும். வீட்டுக்கு டைனமிக் வாங்குங்க. வாய்க்கு நேரா உள்ளத மட்டும் எடுக்கும்.”

அதை மேடையிலேயே பிடித்துச் சலித்தாயிற்று என்று அவர் சிரித்தார். வானொலி நிலையத்தில் இருப்பது போன்றதுதான் வேண்டும் என்றார். வாங்கி வந்த பின்னும், மேடையில் நிற்பதுபோல் ஒரு முழம் தள்ளியே நின்றார். குரல் எட்டவேண்டுமே என்று ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை முழுவதும் திருகி வைத்தவள் அவள்தான்.

அவர் பொத்தியது மைக்கின் தலையை. மேடை மைக்குக்குக் காது தலையில் இருக்கும். இதற்கு நெஞ்சில், பக்கவாட்டில் இருந்தது.

அவள் உதட்டைத் துடைத்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

விசில். கை உரசும் சத்தம். அறை. பீரோ. உதை. அவருடைய கேள்வி.

அவளுடைய ஒலி மட்டும் இல்லை. துணி அதைத் தின்றிருந்தது.

அது இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஜன்னலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

“ஆரம்பிச்சிட்டாரு. டிவிய சத்தமா வைங்க.”

மேகலா அக்கா.

உடனே ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு உயர்ந்தது.

அவள் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள்.

மறுபடியும்.

மாடிப்படியில், “கண்ணு ஏன்டி வீங்கியிருக்கு?” என்று கேட்கிற அக்கா. “தூக்கமில்லக்கா” என்றால், “நேரத்தோட படு” என்று கன்னத்தைத் தொடுகிற அக்கா.

எந்தக் காதுக்கு எட்டக்கூடாது என்று துணியைக் கடித்தாளோ, அந்தக் காது எல்லாவற்றையும் கேட்டிருந்தது. கேட்டுவிட்டுத் தன்னை மூடிக்கொண்டிருந்தது.

விலாவைவிட அது வலித்தது.

விசிலின் தொடக்கத்தில் ஒரு கோடு இட்டாள். முடிவில் ஒரு கோடு. இடையில் இருந்ததை வெட்டினாள்.

வேறெதையும் தொடவில்லை.

ஏற்றினாள்.

அவர் பேச்சு ஏறினால் முதலில் ஒலிப்பது அடுத்த வீட்டுக் கைபேசிதான். ஐயா பேச்சென்றால் அக்காவுக்கு உயிர். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஊருக்கே கேட்கும்படி வைப்பாள்.

இன்றும் வைத்தாள்.

இவள் ஜன்னலுக்குக் கீழே தரையில் அமர்ந்தாள். எதிர் ஜன்னலிலிருந்து அவர் முழங்கினார். பாத்திரங்கள் தாளம் போட்டன.

‘விடுதலை’ வந்தது.

அறை. பீரோ. உதை.

பாத்திரச் சத்தம் நின்றது.

அக்காவின் குரல் அக்காவின் கைபேசியிலிருந்தே எழுந்தது.

கைபேசி பட்டென்று அணைந்தது.

இவள் கைபேசி அதிர்ந்தது. அவர். தெருமுனையிலும் யாரோ அதை ஒலிக்கவிட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை. மீண்டும் அதிர்ந்தது. அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். மிக மெதுவாக.

திறந்தாள்.

அக்காவின் கைகளில் சாம்பலும் ஈரமும். கிழிந்த உதட்டைப் பார்த்தாள். பார்வையை இறக்கிக்கொண்டாள்.

“அதுல என் குரலு இருக்குடி. அத மட்டும் எடுத்துடேன்.”



கீழே தெருக்கதவு படீரென்று மோதியது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் செருப்புச் சத்தம். அந்த வேகத்தின் பொருளை அந்த மாடியில் இருவருமே அறிவார்கள்.

அவள் தன் கதவை முழுவதும் திறந்து வைத்தாள். அறை நடுவில் போய் நின்றாள். துணியைத் தேடவில்லை.

அக்கா தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அது நான்கடி தள்ளித் திறந்தே கிடந்தது.

செருப்புச் சத்தம் கடைசித் திருப்பத்துக்கு வந்துவிட்டது.

அக்கா இன்னும் இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நின்றாள்.