ஐஸ் பெட்டி

செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தின் வெள்ளை வெளிச்சத்தில் பிரபா கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்க்கிறாள். இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய ரத்தநீர் செக்கச்செவேலென்று நிற்கிறது. சிவப்பணுக்கள் உடைந்து தம் மைக்ரோ ஆர்என்ஏ எனும் மரபுத் துணுக்குகளைக் கொட்டிவிட்டன. புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் துணுக்கு இனி அந்த வெள்ளத்தில் தென்படாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மனைவியின் ரத்தத்தைக் கொண்டுவந்த மீன்வண்டிக்காரர் ஆல்வின் எதிரே நிற்கிறார். அவருடைய தெர்மாகோல் பெட்டி தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. "மீனுக்குப் போடற மாதிரியே ஐஸ்ல உப்பு கலந்து பொதச்சி எடுத்தாந்தேன்மா. கெடாம கீதுல்ல?" "உப்பு குளிரைக் கூட்டிடும்ணா. ரத்தமே ஐஸா உறைஞ்சு வீணாயிடுச்சு. திரும்ப எடுக்கணும்." ஆல்வின் தன் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறார். "அவளுக்கு நரம்பே கெடைக்கலமா. இதான் கடைசி ஊசின்னு அவ கையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டு வந்துகீறேன்."