துண்டின் மறுமுனை

இப்போதெல்லாம் எந்த வேலைக்காரனைக் கேட்டாலும் "முடிஞ்சுதுங்க" என்று கையைத் துடைத்துக்கொள்கிறான். என்ன முடிந்தது, காட்டு என்றால் மட்டும் மூஞ்சி சுருங்கிவிடுகிறது.

வெள்ளியங்கிரி காட்டச் சொல்கிற ஆள்.

அதனால்தான் காலை ஒன்பது மணியிலிருந்து துடியலூரில் ரசாக்கின் பட்டறையில், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, பைக்கின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டிலும் ஆயில் கசிந்து, பிரேக் டிஸ்க் வரைக்கும் வழிந்திருந்தது. இப்படியே ஓட்டினால் அவசரத்துக்குப் பிரேக் பிடிக்காது என்று ரசாக் சொன்னான். அதைக் கேட்ட பிறகு பெரியவர் டீகூடக் குடிக்கவில்லை.

ரசாக் ஃபோர்க்குகளைக் கழற்றி, உள்ளே இருந்த பைப்பை உருவி, கறுத்த ஆயிலைத் தட்டில் கவிழ்த்தான். ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையங்களான பழைய ஆயில் சீல் இரண்டையும் நெம்பி எடுத்துக் கீழே போட்டதுதான் தாமதம், பெரியவர் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அதென்னத்துக்குங்க?"

"மறுக்கா அதையே மாட்டிப்போட்டீன்னா?"

"இருவத்திரெண்டு வருசமாப் பட்டறை வெச்சிருக்கறனுங்க. என்னைய யாரும் இப்பிடிச் சோதனை போட்டதில்லீங்க."

"அதான் தப்பு."

ரசாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைப்பை ஒரு கண்ணாடிப் பலகைமேல் உருட்டி வளைவு பார்த்தான். வளைவு இல்லை. பெரியவர் குனிந்து, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, தானும் ஒருமுறை பார்த்தார்.

"பைப்பு தப்பிச்சாலும் வண்டி நல்ல அடி வாங்கியிருக்குதுங்களே. எங்க கொண்டு போயி உட்டீங்க?"

பெரியவர் சட்டைப்பையைத் தொட்டு, பழைய சீல் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

புதுச் சீலின் உதடு பைப்பின் விளிம்பில் கிழிபடாமல் இருக்க, ரசாக் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றினான். சீலுக்கு ஆயில் தடவி இறக்கி, ஒரு குழாய்த் துண்டை வைத்து மெல்லத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் பெரியவரின் மூக்கு ஒரு விரற்கடை கிட்டே வந்தது.

எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, டிஸ்க்கையும் சுத்தமாகத் துடைத்தாயிற்று. ரசாக் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பத்துத் தடவை அமுக்கினான்.

பெரியவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். ஒரு முனையில் காவி நிறத்தில் கையகலக் கறை இருந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மறுமுனையால் பைப்பைச் சுற்றித் துடைத்தார்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னொரு பத்து அமுக்கு."

அமுக்கினான். துடைத்தார். வெள்ளை.

"இன்னொரு பத்து."

ரசாக்குக்கு வேர்த்துக் கொட்டியது. "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருங்க பெரியவரே."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

ரசாக் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். மாவுக்கட்டு பிரித்த இடது மணிக்கட்டு மட்டும் வெளுத்திருந்தது. ஷ்ரவ்யா. வண்டி அவளுடையது.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. பெரியவரின் கைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த துண்டு முனையைப் பார்த்தாள்.

"தாத்தா, அந்தக் கறை இன்னும் போகலீங்களா?"

"போகும், போகும்."

எப்படிப் போகும்? மனைவி நஞ்சம்மாள் மூன்று முறை கேட்டும், அந்தத் துண்டைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட அவர் விடவில்லை. பீரோவில் புதுத் துண்டு நான்கு கிடந்தன.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், மளிகைக் கடையில் வாங்கிய பருப்பு எடை குறைவோ என்று பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கினார். எதிரே வந்த இந்தப் பெண் அவரை இடிக்காமல் வண்டியை ஒடித்து, சென்டர் மீடியனில் கொண்டுபோய் மோதினாள். அவருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. அவள் கையிலிருந்து வழிந்த ரத்தத்தை இந்தத் துண்டால்தான் சுற்றிக் கட்டினார். வண்டியைத் தானே சரிசெய்து தருவதாகச் சொல்லி, ஆஸ்பத்திரியில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸுங்க தாத்தா."

நீயா தேங்க்ஸ் சொல்வது, நானல்லவா என்று கேட்க வாயெடுத்தார். கேட்காமல் ஹேண்டில்பாரைத் தடவினார்.

"பிரேக்கை ஒரேடியாப் புடிக்காத அம்மணி. இவன் மாட்டுனதாக்கும்."

ரசாக் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் சிரித்தாள்.

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாலடி போய்த் திரும்பி வந்து, பைப்பை இன்னொரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார்.

பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை.

அதை நம்பாமல் இன்னொரு முறை பார்த்துவிட்டு இறங்கினார்.