தடுப்பூசி போடாத ஜெசிந்தா

பிறந்ததுமே பயத்துக்குத் தடுப்பூசி போட்டுவிடும் காலம் அது. ஒவ்வாமை இருந்ததால் வகுப்பில் ஜெசிந்தாவுக்கு மட்டும் போடவில்லை.

இலக்கிய வகுப்பில் ஆசிரியை பழைய திகில் கதை ஒன்றை வாசித்தார். பாழடைந்த மாளிகையில், மூடிய கல்லறைக்குள்ளிருந்து யாரோ சுரண்டும் இடம் வந்ததும் ஜெசிந்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மற்றவர்கள் நிதானமாகக் குறிப்பெழுதினார்கள்.

பக்கத்தில் இருந்த நீலாவதிக்கு வயிறு எரிந்தது. அந்தக் கதையை நாலு முறை படித்து மனப்பாடமே செய்திருந்தும் அவளுக்கு ஒரு முறைகூட வேர்த்ததில்லை.

“எப்படிடி இருக்கு?” என்று கேட்டாள்.

“பேசாத. கையைக் குடு,” என்று ஜெசிந்தா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். “விட்டுட்டுப் போயிராதடி.”

அந்த விரல்கள் ஈரமாக இருந்தன. யாரையும் அப்படிப் பற்றிக்கொள்ள நீலாவதிக்கு இதுவரை தோன்றியதே இல்லை. பொறாமை இன்னும் கூடியது. மணி அடித்த பிறகும் கையை விட அவளுக்கு மனம் வரவில்லை.