ஒப்பிட ஒரு ரத்தம்

கணினித் திரையில் அதே எழுத்து, அதே இடத்தில், இந்த ரத்தத்திலும் இருந்தது.

சாம்பிள் மாறிப்போயிருக்கும் என்று இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான். மாறவில்லை.

மரபணுவின் எழுத்துகளைக் கணினியில் படித்து நோய் சொல்வது அவன் வேலை. ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஜோசியர் என்று பேர். ஜாதகமே வேண்டாம், பிறக்காத பிள்ளையின் விதியையும் சொல்லிவிடுவார் என்பார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான், போன வருடம் தங்கை முழுகாமல் இருந்தபோது, சும்மா பார்த்துவிடலாம் வா என்று அவளைச் சோதனைக்கு இழுத்துவந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஆண் குழந்தை. தசையைத் தாங்கும் புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பெண்கள் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், அப்படி ஒரு நோய். புரதம் சரியாக மடங்காது, பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை படுத்துவிடும் என்று மூன்று மென்பொருளும் ஒரே குரலில் சிவப்பு காட்டின.

சொல்வது அவன் வேலை. தங்கையிடம் சொல்லிவிட்டான்.

இப்போது தங்கைக்கு இரண்டாவது கர்ப்பம். இதுவும் பையன். அதே எழுத்து, அதே சிவப்பு.

மனசு கேட்கவில்லை. ஆரோக்கியமான ஆண் ஒருவனின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தான். ஆளை எங்கே போய்த் தேடுவது? தன் கையையே நீட்டினான். அந்த ரத்தத்திலும் அதே எழுத்து.

நாற்பது வயது. மாடிப்படியை ஓடியே ஏறுகிறவன். கால் வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அம்மா அந்த எழுத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் கொடுத்திருக்கிறாள்.

அப்படியானால் அது ஒன்றும் செய்யாது. மூன்று மென்பொருளும் தப்பு. பையன் ஓடுவான், மரம் ஏறுவான், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வான்.

துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. அவன் போன வருடத்து அறிக்கையைத் திறந்து பார்த்தான்.

ஃபோன் அடித்தது. தங்கைதான்.

“பாத்துட்டியாண்ணா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு.”

எழுத்து இருக்கிறது, ஆனால் ஆபத்து இல்லை. அதுதான் உண்மை. அதைச் சொன்னால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

“அது இவனுக்கு இல்லம்மா. தைரியமா பெத்துக்கோ.”

அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த கணவனிடம் கத்திச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“உனக்குக் கோயிலே கட்டணும்ணா. போன தடவை உன் பேச்சைக் கேக்காம, கலைக்காம விட்டிருந்தா, அந்தப் பிள்ளை பொறந்து என்ன பாடு பட்டிருக்கும்!”

“ஆமாம்மா” என்றான்.